கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் நோய் எதிர்ப்பு சமிக்ஞைகள்: ஆண், பெண் சிசுக்களிடையே வேறுபாடு ஏன்? மைசூரு ஆய்வு கூறுவது என்ன?

மைசூரு: கர்ப்பகாலத்தில் தாய்க்கு ஏற்படும் நீரிழிவு, சத்துக்குறைவு, அழற்சி ஆகியவை கருவிலுள்ள ஆண் சிசுவையும் பெண் சிசுவையும் ஒரே விதமாகப் பாதிப்பதில்லை என்பதை உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகள் காட்டி வருகின்றன. இந்தியாவில் இதற்கான முக்கியச் சான்றுகளுள் ஒன்று கர்நாடக மாநிலம் மைசூருவில் இருந்து கிடைத்துள்ளது. அந்நகரின் மருத்துவமனை ஒன்றில் 1997-98-ஆம் ஆண்டுகளில் பதிவு செய்த கர்ப்பிணிகளையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்த குடும்பங்களில், அதன் தாக்கம் மகன்களைக் காட்டிலும் மகள்களிடமே முதலில் தெளிவாகத் தென்பட்டது.

இந்த வேறுபாட்டுக்கான காரணங்களைத் தேடும்போது, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் எவ்வாறு செயல்படுகிறது, நஞ்சுக்கொடி அதற்கு எவ்வாறு பதில் அளிக்கிறது என்பவற்றை அறிவது அவசியமாகிறது. அது குறித்த விளக்கம் வருமாறு.

மைசூருவின் பிறப்புப் பதிவேடுகள்

மைசூரு மண்டி மொகல்லா பகுதியில் அமைந்துள்ளது ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை. கிறிஸ்தவ மிஷனரிகளால் தொடங்கப்பட்டதால் உள்ளூர் மக்கள் இதனை இன்றும் மிஷன் ஆஸ்பத்திரி என்றே அழைக்கின்றனர். 1934-ஆம் ஆண்டு முதல் இங்கு பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவை பதிவேடுகளில் முறையாகக் குறித்து வைக்கப்பட்டன. அந்தப் பதிவேடுகள் அழியாமல் பாதுகாக்கப்பட்டதே பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளமானது.

பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பார்க்கர், கருவில் ஏற்படும் வளர்ச்சிக் குறைவே பிற்கால இதய நோய்க்கு வித்திடுகிறது என்ற கருத்தை 1980-களின் இறுதியில் முன்வைத்தார். அக்கருத்து இந்தியர்களுக்கும் பொருந்துமா என்பதைச் சோதிக்க மைசூரு பதிவேடுகள் பயன்பட்டன. 1934 முதல் 1954 வரை இம்மருத்துவமனையில் பிறந்து, மைசூருவிலேயே வசித்து வந்த 517 ஆண்களும் பெண்களும் பரிசோதிக்கப்பட்டனர். 1996-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான அந்த ஆய்வின்படி, பிறப்பின்போது இரண்டரை கிலோ அல்லது அதற்கும் குறைவாக இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய் காணப்பட்டது. 3.1 கிலோ அல்லது அதற்கும் மேலான எடையுடன் பிறந்தவர்களிடம் இது 3 சதவீதமாக இருந்தது.

இதன் தொடர்ச்சியாக, சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த மருத்துவர் கரோலின் ஃபால், மைசூருவின் மருத்துவர் ஜி.வி.கிருஷ்ணவேணி உள்ளிட்டோர் இம்மருத்துவமனையின் நோய்ப்பரவலியல் ஆய்வுப் பிரிவில் புதிய தலைமுறை ஒன்றைக் கருவில் இருந்தே கண்காணிக்கத் தொடங்கினர். அதுவே மைசூரு பார்த்தினான் ஆய்வு என அறியப்படுகிறது.

பார்த்தினான் ஆய்வில் தெரிய வந்தவை

இந்த ஆய்வில் 785 கர்ப்பிணிகளுக்குச் சுமார் 30-ஆவது வாரத்தில் குளுக்கோஸ் கொடுத்து ரத்தச் சர்க்கரை அளவு பரிசோதிக்கப்பட்டது. அவர்களில் 6.2 சதவீதம் பேருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. அந்தக் காலகட்டத்தில் இந்தியக் கர்ப்பிணிகளிடையே நீரிழிவைக் கண்டறியும் பழக்கம் பரவலாக இல்லாத நிலையில், இந்த எண்ணிக்கை மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது.

இப்பெண்களில் 43 சதவீதம் பேருக்கு வைட்டமின் பி12 குறைபாடு இருந்ததும் தெரிய வந்தது. குறைபாடு உள்ளவர்களில் 8.7 சதவீதம் பேருக்கும், குறைபாடு இல்லாதவர்களில் 4.6 சதவீதம் பேருக்கும் கர்ப்பகால நீரிழிவு காணப்பட்டது. பி12 குறைபாடுதான் நீரிழிவுக்குக் காரணம் என்பதை இந்த ஒப்பீடு மட்டும் நிரூபித்துவிடாது. எனினும் இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பது உறுதியானது.

பிறந்த குழந்தைகளின் உடலமைப்பிலும் குறிப்பிடத்தக்க அம்சம் ஒன்று இருந்தது. பிரிட்டன் குழந்தைகளுடன் ஒப்பிடுகையில் மைசூரு குழந்தைகளின் எடை குறைவு. கை, வயிற்றுச் சுற்றளவுகளும் குறைவு. ஆனால் முதுகின் தோலடிக் கொழுப்பு மட்டும் அதே அளவுக்குக் குறையவில்லை. புணேவைச் சேர்ந்த மருத்துவர் சி.எஸ்.யாஜ்னிக், மகாராஷ்டிரக் கிராமக் குழந்தைகளிடமும் இதே தன்மையைக் கண்டு, மெலிந்த தோற்றமும் மிகுந்த கொழுப்பும் கொண்ட உடல்வாகு என விவரித்துள்ளார்.

மகள்களிடம் தெரிந்த மாற்றம்

கர்ப்பகால நீரிழிவு இருந்த தாய்மார்களின் குழந்தைகள், பிறந்தபோது மற்றக் குழந்தைகளைவிட எல்லா அளவுகளிலும் பெரிதாக இருந்தனர். ஆனால் ஒரு வயதில் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆய்வு அத்துடன் நிறுத்தப்பட்டிருந்தால் தாக்கம் ஏதும் இல்லை என்றே முடிவு செய்யப்பட்டிருக்கும்.

ஐந்து வயதில் குழந்தைகள் மீண்டும் பரிசோதிக்கப்பட்டபோது நிலைமை மாறியிருந்தது. கர்ப்பகால நீரிழிவு இருந்த தாய்மார்களின் மகள்களுக்குத் தோலடிக் கொழுப்பும், குளுக்கோஸ் கொடுத்த பின்னர் ரத்தத்தில் சுரக்கும் இன்சுலின் அளவும் மற்றச் சிறுமிகளைவிட அதிகமாக இருந்தன. மகன்களிடம் அத்தகைய வேறுபாடு அப்போது காணப்படவில்லை.

ஒன்பதரை வயதில் நடந்த பரிசோதனையில் இந்த இடைவெளி மேலும் கூடியது. மகள்களிடம் கொழுப்பு, சர்க்கரை, இன்சுலின் எதிர்ப்பு, ரத்த அழுத்தம் ஆகிய அனைத்தும் உயர்ந்திருந்தன. மகன்களிடமும் இந்த வயதில் இன்சுலின் எதிர்ப்பு தலைகாட்டியது. தந்தைக்கு நீரிழிவு இருந்த குழந்தைகளின் உடல் அளவுகளில் இத்தகைய மாற்றம் காணப்படவில்லை. ஆகவே, மரபணு மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாது, கருப்பைச் சூழலுக்கும் பங்கு உண்டு என ஆய்வாளர்கள் கருதினர்.

நீரிழிவு இருந்த தாய்மார்களின் எண்ணிக்கை ஐம்பதுக்கும் குறைவு என்பதால், ஆண், பெண் வேறுபாடு பற்றிய முடிவை எச்சரிக்கையுடனேயே அணுக வேண்டும். மேலும், மைசூரு ஆய்வின் மையப்பொருள் சர்க்கரையும் சத்துகளும்தான். அவற்றுக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் உள்ள தொடர்பைப் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் விளக்குகின்றன.

கர்ப்பமும் அழற்சியும்

கிருமித் தொற்றோ காயமோ ஏற்படும்போது வெள்ளணுக்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்ப வெளியிடும் புரதங்கள் சைட்டோகைன்கள் எனப்படுகின்றன. இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1 பீட்டா, டிஎன்எஃப் ஆல்ஃபா ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றின் தூண்டுதலால் ஏற்படும் வீக்கம், வெப்பம், வலி, காய்ச்சல் போன்ற எதிர்வினைகளின் தொகுப்பே அழற்சி. ரத்தப் பரிசோதனையில் சி-ரியாக்டிவ் புரதத்தின் அளவு உயர்ந்திருப்பது அதன் அடையாளங்களுள் ஒன்று.

கருவிலுள்ள சிசுவின் மரபணுக்களில் பாதி தந்தையிடமிருந்து வந்தவை. உடலுக்கு அந்நியமான திசுவை நோய் எதிர்ப்பு மண்டலம் தாக்க வேண்டும் என்ற விதிப்படி பார்த்தால், தாயின் உடல் சிசுவை நிராகரிக்க வேண்டும். அவ்வாறு ஏன் நிகழ்வதில்லை என்ற கேள்வியை பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார் 1953-இல் எழுப்பினார். தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் அடங்கிக் கிடப்பதே காரணம் என நீண்ட காலம் நம்பப்பட்டது.

தற்போதைய புரிதல் வேறு. கர்ப்பகாலத்தில் தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் அணைந்துவிடுவதில்லை. காலத்துக்கு ஏற்பத் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. கரு கருப்பைச் சுவரில் பதியும் முதல் சில வாரங்களில் அங்கு அழற்சித் தன்மை மிகுந்திருக்கும். புதிய ரத்த நாளங்கள் உருவாவதற்கு அது உதவுகிறது. சிசு வேகமாக வளரும் நடு மாதங்களில் அழற்சி தணிந்து, கட்டுப்படுத்தும் டி அணுக்களின் செல்வாக்கு ஓங்கும். பிரசவம் நெருங்கும் இறுதிக் கட்டத்தில் மீண்டும் அழற்சி தலைதூக்கும்.

கர்ப்பிணிகளின் வெள்ளணு எண்ணிக்கை மற்றவர்களைவிடச் சற்று உயர்ந்திருப்பது இயல்பே. ஆகவே, ஆய்வக அறிக்கையில் அந்த எண்ணைக் கண்டு தாமாக அச்சம் கொள்ளாமல் மருத்துவரிடம் விளக்கம் பெறுவதே சரியானது.

பிரசவத்துக்கான சமிக்ஞை

கர்ப்பம் முழுவதும் கருப்பைத் தசையை அமைதியாக வைத்திருப்பது புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன். அழற்சியைத் தூண்டும் மரபணுக்களையும் அது அடக்கி வைக்கிறது. மாதம் நிறைவடையும்போது புரோஜெஸ்டிரோனின் பிடி தளர்கிறது. வெள்ளணுக்கள் கருப்பைச் சுவர், கருப்பை வாய், பனிக்குடச் சவ்வு ஆகிய இடங்களில் திரள்கின்றன. அவை வெளியிடும் சைட்டோகைன்கள் புரோஸ்டகிளாண்டின் சுரப்பைத் தூண்டுகின்றன. அதன் விளைவாகக் கருப்பை வாய் மென்மையடைந்து, பனிக்குடம் பலவீனமாகி, பிரசவ வலி தொடங்குகிறது.

இதில் சிசுவுக்கும் பங்கு உண்டு என்பதை அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் எலிகளை வைத்து நடந்த ஆய்வு 2004-இல் காட்டியது. சிசுவின் நுரையீரல் முதிர்ச்சி அடைந்ததும் அது சுரக்கும் புரதம் ஒன்று பனிக்குட நீரில் கலந்து, அங்குள்ள வெள்ளணுக்களைத் தூண்டுகிறது. மூச்சுவிடத் தயார் என்று சிசு அனுப்பும் தகவலாகவே அது அமைகிறது.

தாயின் ரத்தத்திலும் இந்த மாற்றங்கள் ஓர் ஒழுங்கில் நிகழ்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இதனைக் கர்ப்பகாலத்தின் நோய் எதிர்ப்புக் கடிகாரம் என விவரித்தனர். அதே பல்கலைக்கழகத்தினர் 63 பெண்களின் ரத்த மாதிரிகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன்னரே சமிக்ஞைகளின் போக்கு மாறத் தொடங்குவதைக் கண்டறிந்தனர்.

இந்தக் கடிகாரம் முன்கூட்டியே ஓடிவிடுவதே குறைப்பிரசவத்தின் முக்கியக் காரணங்களுள் ஒன்று. பிறப்புறுப்பில் இருந்து மேலேறும் தொற்று, சிறுநீர்த் தொற்று, பல் ஈறு நோய் போன்றவற்றால் ஏற்படும் அழற்சி இதனுடன் தொடர்புடையது. 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தைகள் குறைமாதக் குழந்தைகள் எனப்படுகின்றனர். 2020-இல் உலக அளவில் சுமார் 1.34 கோடி குழந்தைகள் அவ்வாறு பிறந்ததாகவும், அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்ததாகவும் உலக சுகாதார அமைப்பு உள்ளிட்டவை மதிப்பிட்டுள்ளன.

சர்க்கரைக்கும் அழற்சிக்கும் என்ன தொடர்பு?

கர்ப்பத்தின் பிற்பாதியில் எல்லாப் பெண்களுக்குமே இன்சுலினின் செயல்திறன் குறைகிறது. தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை சிசுவுக்குத் தடையின்றிக் கிடைப்பதற்கான இயற்கையின் ஏற்பாடு இது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்களே இதற்குக் காரணம் என முன்பு கருதப்பட்டது. ஆனால், இன்சுலின் எதிர்ப்பு எந்த அளவுக்குக் கூடும் என்பதை அந்த ஹார்மோன்களைவிட டிஎன்எஃப் ஆல்ஃபாவின் மாற்றமே நன்கு காட்டுகிறது என 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று தெரிவித்தது.

கொழுப்புத் திசுவும் நஞ்சுக்கொடியும் இந்த சைட்டோகைனைச் சுரக்கின்றன. உடலில் கொழுப்பு மிகுந்த பெண்களிடம் இந்தச் சுரப்பு கூடுதலாக இருக்கும். கணையம் அதற்கு ஈடாக இன்சுலினைச் சுரக்க இயலாதபோது கர்ப்பகால நீரிழிவு தோன்றுகிறது. மெலிந்த தோற்றத்திலும் கொழுப்பு மிகுந்த இந்திய உடல்வாகு இதனால்தான் மருத்துவர்களின் கவலைக்கு உரியதாகிறது. மைசூருவில் பதிவான அதிகச் சர்க்கரையும், ஆய்வகங்களில் அளக்கப்படும் அழற்சி சமிக்ஞைகளும் ஒரே கருப்பைச் சூழலின் இரு முகங்கள் எனலாம்.

நஞ்சுக்கொடிக்கும் பாலினம் உண்டு

நஞ்சுக்கொடி தாயின் உறுப்பு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் பெரும்பகுதி சிசுவின் அணுக்களால் ஆனது. ஆகவே ஆண் சிசுவின் நஞ்சுக்கொடி அணுக்களில் எக்ஸ், ஒய் குரோமோசோம்களும், பெண் சிசுவின் நஞ்சுக்கொடி அணுக்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் உள்ளன. கிருமிகளை அடையாளம் காணும் டிஎல்ஆர்-7, கட்டுப்படுத்தும் டி அணுக்களை உருவாக்கும் ஃபாக்ஸ்பி-3 உள்ளிட்ட நோய் எதிர்ப்பு மரபணுக்கள் பல எக்ஸ் குரோமோசோமிலேயே அமைந்துள்ளன. அந்த வேறுபாடு நஞ்சுக்கொடியின் செயல்பாட்டிலும் வெளிப்படுகிறது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் விக்கி கிளிஃப்டனின் குழு, ஆஸ்துமா உள்ள கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வுகள் இத்துறையில் அதிகம் பேசப்படுபவை. தாயின் உடலில் அழற்சி இருக்கும்போது பெண் சிசு தன் வளர்ச்சியைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறது. இதனால் மேலும் ஒரு நெருக்கடி வந்தாலும் தாக்குப்பிடிக்க அதற்கு இடமிருக்கிறது. ஆண் சிசுவோ எதுவும் நடவாதது போல வழக்கமான வேகத்திலேயே வளர்கிறது. ஆஸ்துமா திடீரெனத் தீவிரமடைந்து ஆக்சிஜன் குறையும் நிலை ஏற்பட்டால், வளர்ச்சி தடைபடுதல், குறைப்பிரசவம், சிசு மரணம் ஆகிய அபாயங்கள் ஆண் சிசுவுக்கே அதிகம் என அக்குழு தெரிவித்தது.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஆண்களின் விகிதம் சற்று அதிகம் என்பது பல நாடுகளில் நெடுங்காலமாகப் பதிவாகி வரும் உண்மை. ஒரே வாரத்தில் பிறந்தாலும் ஆண் குழந்தையின் நுரையீரல் பெண் குழந்தையின் நுரையீரலைவிடத் தாமதமாகவே முதிர்ச்சி அடைகிறது. மூச்சுத்திணறல் நோய் ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுவதற்கு இதுவும் காரணம். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள் இதனை நன்கு அறிவர்.

தாயின் ரத்தத்தில் தெரியும் வேறுபாடு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 80 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கண்காணித்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். ரத்தத்தில் சுற்றிவரும் சைட்டோகைன் அளவுகளில், ஆண் சிசுவைச் சுமந்தவர்களுக்கும் பெண் சிசுவைச் சுமந்தவர்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. ஆனால் அவர்களின் வெள்ளணுக்களைத் தனியே எடுத்து, கிருமியின் மேலுறைப் பொருளால் ஆய்வகத்தில் தூண்டியபோது வேறுபாடு வெளிப்பட்டது. பெண் சிசுவைச் சுமந்தவர்களின் அணுக்கள் இன்டர்லூக்கின்-6 உள்ளிட்ட சைட்டோகைன்களைக் கூடுதலாக வெளியிட்டன. ஆஸ்துமா போன்ற நோய்கள், பெண் சிசுவைச் சுமக்கும் சிலரிடம் கர்ப்பகாலத்தில் தீவிரமடைவதாக முன்பு வெளியான தகவல்களுக்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம் என அவர்கள் கருதினர்.

லட்சக்கணக்கான கர்ப்பங்களின் விவரங்களைத் தொகுத்து வெளியான பன்னாட்டு ஆய்வுகள் வேறொரு கோணத்தைக் காட்டின. ஆண் சிசுவைச் சுமந்தவர்களிடம் கர்ப்பகால நீரிழிவும், மாதம் நிறைந்த பின் தோன்றும் முன்சூல்வலிப்பு எனப்படும் உயர் ரத்த அழுத்த நோயும் சற்று அதிகம். குறைப்பிரசவத்துக்கு இட்டுச்செல்லும் முன்சூல்வலிப்போ பெண் சிசுவைச் சுமந்தவர்களிடம் அதிகம். ஒரு பாலினம் வலியது, மற்றது மெலியது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதை இம்முடிவுகள் உணர்த்துகின்றன. எந்த நெருக்கடி, எந்த மாதத்தில், எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்தே பாதிப்பு அமைகிறது. மைசூருவில் மகள்களிடம் முதலில் தாக்கம் தெரிந்ததும், குறைமாதப் பிறப்பில் மகன்கள் அதிகம் பாதிக்கப்படுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இதை வைத்துப் பாலினத்தைக் கண்டறிய முடியுமா?

முடியாது. மேற்கண்ட வேறுபாடுகள் அனைத்தும் நூற்றுக்கணக்கான அல்லது லட்சக்கணக்கான பெண்களின் சராசரியை ஒப்பிட்டுப் பெறப்பட்டவை. தனி ஒருவரின் ரத்த அறிக்கை, சர்க்கரை அளவு, உடல் அறிகுறிகள் ஆகியவற்றைக் கொண்டு சிசுவின் பாலினத்தைக் கணிக்க இவை உதவாது.

மசக்கை அதிகமாக இருந்தால் பெண் குழந்தை என்ற நம்பிக்கையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். கடுமையான வாந்தியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சுவீடன் நாட்டுக் கர்ப்பிணிகளைப் பற்றி 1999-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் பெண்கள் சுமார் 56 சதவீதமாகவும், ஆண்கள் சுமார் 44 சதவீதமாகவும் இருந்தனர். புள்ளிவிவர அளவில் இது உண்மையான வேறுபாடு. ஆனால் அந்த நம்பிக்கையை வைத்துக் கணித்தால் நூறு பேரில் 44 பேருக்குக் கணிப்பு தவறாகும். வயிற்றின் வடிவம், முகப்பொலிவு, உணவு விருப்பம் போன்றவற்றை வைத்துச் சொல்லப்படும் கணிப்புகளுக்கு இந்த அளவு ஆதாரமும் கிடையாது.

தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் சிசுவின் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு பாலினத்தை அறியும் தொழில்நுட்பம் உள்ளது. ஆனால் இந்தியாவில் எந்த முறையிலும் சிசுவின் பாலினத்தைக் கண்டறிந்து தெரிவிப்பது குற்றமாகும். 1994-இல் இயற்றப்பட்டு, 2003-இல் திருத்தப்பட்ட பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின்படி, சொல்லாலோ சைகையாலோ வேறு எவ்விதத்திலுமோ பாலினத்தைத் தெரிவிக்கக் கூடாது. முதல் முறை குற்றம் புரியும் மருத்துவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம். மைசூரு ஆய்வு உள்ளிட்ட இந்திய ஆய்வுகளில் குழந்தையின் பாலினம் பிறந்த பின்னரே பதிவு செய்யப்படுகிறது.

இச்சட்டத்தின் தேவையை மைசூரு வட்டாரமே அண்மையில் நினைவூட்டியது. அண்டை மாவட்டமான மண்டியாவில் வெல்லம் காய்ச்சும் ஆலை ஒன்றில் ஸ்கேன் கருவியை வைத்துச் சிசுவின் பாலினத்தைக் கண்டறிந்து, பெண் சிசுக்களைக் கருக்கலைப்பு செய்து வந்த கும்பல் 2023-ஆம் ஆண்டு இறுதியில் பிடிபட்டது. மூன்று ஆண்டுகளில் சுமார் 900 கருக்கலைப்புகள் நடந்திருக்கலாம் எனக் காவல்துறை அப்போது தெரிவித்தது. மைசூருவிலும் கைதுகள் நடந்தன. பின்னர் வழக்கு விசாரணை சிஐடி பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் ஐந்து ஆண்டுகளில் பிறந்த ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 929 பெண் குழந்தைகளே இருந்தனர்.

ஒரே வட்டாரத்தில், ஓர் இடத்தில் மகள்களின் உடல்நலத்தைக் காக்கப் பல ஆண்டுகள் அளவெடுக்கப்பட்டது. மற்றோர் இடத்தில் மகள்கள் பிறப்பதற்கு முன்பே தடுக்கப்பட்டனர். சிசுவின் பாலினம் பற்றிய அறிவியல் தகவல் எதுவும் இந்தியச் சூழலில் கூடுதல் கவனத்துடன் கையாளப்பட வேண்டியதன் காரணம் இதுவே.

இந்தியாவில் நடைபெறும் பிற ஆய்வுகள்

ஹரியானா மாநிலம் குருகிராம் அரசு மருத்துவமனையில் 2015 முதல் கர்பினி என்ற பெயரில் கர்ப்பிணிகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருகின்றனர். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் ஃபரிதாபாத்தில் உள்ள ஆய்வு நிறுவனம் இதனை வழிநடத்துகிறது. குறைப்பிரசவத்தின் காரணங்களைக் கண்டறிவதே இதன் முதன்மை நோக்கம். இந்தத் தரவுகளைக் கொண்டு, இந்தியக் கர்ப்பிணிகளுக்குப் பொருத்தமான முறையில் சிசுவின் வயதைக் கணக்கிடும் சூத்திரத்தைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளனர். சிசுவின் வயது சரியாகத் தெரிந்தால்தான் ஒரு பிரசவம் குறைமாதமா, நிறைமாதமா என்பதைத் துல்லியமாகக் கூற இயலும்.

கர்ப்பகால நீரிழிவைப் பொறுத்தவரை, அனைத்துக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற நடைமுறையைத் தமிழ்நாடு அரசு 2007-இல் கொண்டு வந்தது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவ நிபுணர் வி.சேஷையா அதற்காகப் பாடுபட்டவர்களுள் முக்கியமானவர். மத்திய அரசின் வழிகாட்டுதலும் அதே முறையைப் பின்பற்றுகிறது.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியவை

சிசு ஆணா, பெண்ணா என்பது தெரியாமலேயே, தாயின் உடலில் தேவையற்ற அழற்சியையும் சர்க்கரை உயர்வையும் கட்டுப்படுத்த முடியும். அதன் பயன் இரு பாலினக் குழந்தைகளுக்கும் கிடைக்கும்.

* முதல் பரிசோதனையின்போதே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை பார்க்கப்படுகிறது. அளவு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளப்படும். முதல் முறை இயல்பாக இருந்தாலும் 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

* பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் வைட்டமின் பி12 உள்ளது. முற்றிலும் தாவர உணவை உண்பவர்கள் இதுபற்றி மருத்துவரிடம் தெரிவிப்பது நல்லது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை இடைவிடாமல் உட்கொள்ள வேண்டும்.

* சிறுநீர் எரிச்சல், துர்நாற்றமுடைய வெள்ளைப்படுதல், ஈறுகளில் ரத்தக் கசிவு ஆகியவற்றைப் பொருட்படுத்தாமல் விடக் கூடாது. இவை தொற்றின் அறிகுறிகளாக இருக்கலாம்.

* ஆஸ்துமா உள்ளவர்கள் கர்ப்பம் தரித்ததும் இன்ஹேலரைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கட்டுப்பாடற்ற ஆஸ்துமாவே சிசுவுக்கு அதிகக் கேடு விளைவிக்கும்.

* மருத்துவர் பரிந்துரைக்காத வலி நிவாரணி, அழற்சி எதிர்ப்பு மருந்துகளைக் கடைசி மாதங்களில் உட்கொள்ளக் கூடாது. அவற்றுள் சில, சிசுவின் இதய ரத்த நாளத்தையும் பனிக்குட நீரின் அளவையும் பாதிக்கக்கூடியவை.

* காய்ச்சல், நீர் கசிவு, ரத்தப்போக்கு, 37 வாரங்களுக்கு முன் விட்டு விட்டு வரும் வலி, கடும் தலைவலி, பார்வை மங்கல், திடீர் முகவீக்கம், சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின் கீழ், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. 2016 முதல் செயல்பட்டு வரும் இத்திட்டத்தில் நான்காவது மாதத்தில் இருந்து பங்கேற்கலாம்.

கர்ப்பகால நீரிழிவு இருந்த பெண்கள், பிரசவம் முடிந்ததும் சர்க்கரை இயல்புக்குத் திரும்பிவிட்டது என்று பரிசோதனையைக் கைவிடுவது வழக்கமாக உள்ளது. பிரசவத்துக்குப் பின் சுமார் ஆறு வாரங்களில் ஒரு முறையும், அதன் பின்னர் ஆண்டுதோறும் அவர்கள் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வயதில் இயல்பாகத் தெரிந்த வேறுபாடு ஐந்து வயதில் மீண்டும் வெளிப்பட்டது என்ற மைசூரு ஆய்வின் முடிவு, அவர்களின் குழந்தைகளுக்கும் தொடர் கண்காணிப்பு தேவை என்பதைக் காட்டுகிறது.

1997-98-இல் தாயின் கருவில் இருந்தபோதே கணக்கில் சேர்க்கப்பட்ட அந்த மைசூரு குழந்தைகள் இன்று இருபதுகளின் இறுதியில் உள்ளனர். அந்த மகள்கள் தாய்மை அடையும் வயது இது. முதல் பரிசோதனையிலேயே அவர்களின் சர்க்கரை அளவு பார்க்கப்படுமானால், ஒரு தலைமுறையில் தொடங்கிய பாதிப்பு அடுத்த தலைமுறைக்குச் செல்வதைக் குறைக்க வாய்ப்பு உண்டு.